இடது ஓரம்

பாப்பா,

எப்படி இருக்கிறாய்? நீ அனுப்பிய படங்களைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். மழைக்கு ஒதுங்கி நிற்கிற கிழவியின் படத்தை அம்மா தன் போனில் முகப்பிலேயே வைத்திருக்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். ஆனால் கடைசியாக வந்த நாலு படத்திலும் இடது ஓரம் மங்கலாக இருக்கிறதே. நடுவில் பளிச்சென்று இருக்கிறது, வலது பக்கமும் சரி, இடது பக்கம் மட்டும் ஈரக்கையால் தேய்த்த மாதிரி. அதற்கப்புறம் நீ படமே அனுப்பவில்லை, போன் பண்ணினால் "வேலை இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். அது உன் தோழியின் லென்ஸ்தானே?

நான் எதையும் கேட்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். கீழே விழுந்த லென்ஸில் வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கும், இல்லாவிட்டால் லென்ஸைக் கேமராவில் மாட்டுகிற வளையமான மவுண்ட் சாய்ந்திருக்கும். மவுண்டிலிருந்து படம் பதிகிற சென்சாருக்கு உள்ள தூரம் நிக்கான் எஃப் வகையில் 46.5 மில்லிமீட்டர், கேனான் ஈஎஃப் வகையில் 44 மில்லிமீட்டர் என்று கணக்கு, அதில் ஒரு பக்கம் முடியளவு சாய்ந்தாலே ஓரம் போய்விடும். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக வைத்து, லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துளையான அபெர்ச்சரை முழுசாகத் திறந்து ஒரு படம் எடு. நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிகிறதா பார். தெரியவில்லை என்றால் நீயாக ஸ்க்ரூவைக் கழற்றாதே. முதலில் அவளிடம் சொல்லிவிடு. விழுந்ததற்கெல்லாம் வாரண்டி கிடையாது, எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் வேலைக்குக் கொடு. செலவு ஒரு பழைய லென்ஸ் வாங்குகிற அளவுக்கு வந்தால் எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும், பொருள் அவளுடையது. ஆனால் முதலில் அவளிடம் சொல்.

இரவல் வாங்கிய புத்தகத்துக்குக்கூட அட்டை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற பெண், இப்படி வாயைத் திறக்காமல் இருக்கிறாளே என்று நேற்று ராத்திரி கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்த மங்கலை நான் முதலில் பார்த்தது உன் படத்தில் இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கிற குடும்பப் படத்தில் பாட்டி இடது ஓரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள். பெரியப்பாவுக்குக் கை நடுங்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னோம், நானும் சேர்ந்து சொன்னேன். கை நடுங்கினால் படம் முழுக்கக் கலங்கும் பாப்பா, ஒரு ஓரம் மட்டும் கலங்காது. அதற்கு முந்தின வாரம் உன்னைப் படம் எடுக்க அவர் கேமராவை வாங்கிவந்து படிக்கட்டில் தவறவிட்டேன். துடைத்தேன், குலுக்கிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரிந்தது. பாட்டிக்கு அதற்கப்புறம் வேறு படமே இல்லை. அவரும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார், மெல்ல மெல்லக் கேமராவைத் தொடுவதையே விட்டுவிட்டார். அப்போது ரிப்பேருக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை என்பது உண்மை. சொல்ல வாய் இருந்தது.

உன்னிடம் இப்போது பணம் இல்லையென்றால் பாதி நான் தருகிறேன், மீதியை நீ மாதாமாதம் அவளுக்குக் கொடு. எதையும் விற்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன். அந்தக் கேமரா இன்னும் பரணில் இருக்கிறது என்று பெரியம்மா சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன், வைத்துவிடாதே.

அப்பா