இலஞ்சத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு, திருகோணமலையிலிருந்து

அன்புடையீர்,

சென்ற மாதம் உங்கள் ஆய்வுக்காக எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பிள்ளை வந்து போனார். அன்றாட இலஞ்சத்தைப் பற்றி மக்களின் மனப்பான்மை என்ன என்று அறிய வந்தாராம். கையில் ஒரு டெப், தலையில் தொப்பி, அந்த வெயிலிலும் முகம் சுளிக்காமல் கேட்டார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அதனால் வீடு காட்டவும் மொழிபெயர்க்கவும் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். இந்த மடல் அந்த மொழிபெயர்ப்பைப் பற்றியது.

என் மச்சாள் பக்கத்து வளவில் இருக்கிறாள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள். புருஷன் இறந்த பிறகு காணிப் பேர்மிட்டைத் தன் பெயருக்கு மாற்ற அலைந்த கதை ஒழுங்கை முழுக்கத் தெரியும். இறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பேர்மிட்டின் பிரதி எல்லாம் முதல் நாளே கொண்டு போனாள். அன்று பைலைக் காணவில்லை. அடுத்த முறை பைல் இருந்தது, உரியவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். அதற்கடுத்த முறை விவாகப் பதிவில் தகப்பன் பெயருக்கு ஓர் எழுத்துப் பிழையாம். ஏழு முறை போனாள். போகிற ஒவ்வொரு நாளும் கடைக்காரர் வேறு ஆளிடம் இடியப்பம் எடுத்தார். அதில் ஒரு கடை நிரந்தரமாகவே கைவிட்டுப் போனது. எட்டாம் முறை பேப்பருக்குள் ஐயாயிரம் ரூபாவை மடித்துக்கொண்டு போனாள். இரண்டு நாளில் வேலை முடிந்தது. எழுத்துப் பிழை அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

காசு வாங்கியவர் இந்த உத்தியோகத்தர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பைலில் அவருடைய கையெழுத்தும் தேவைப்பட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இனி அன்று நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை டெப்பைப் பார்த்துச் சிங்களத்தில் வாசித்தார். உத்தியோகத்தர் படலையில் கையை ஊன்றிக்கொண்டு தமிழில் சொன்னார்: "அக்கா, அலுவல் கெதியா முடிய லஞ்சம் குடுக்கிறது சரியோ பிழையோ எண்டு கேக்கிறாங்க."

"பிழைதானே சேர்," என்றாள் மச்சாள்.

"கடைசி ஒரு வருசத்துக்குள்ள நீங்க ஆருக்கும் குடுத்திருக்கிறீங்களா?"

"இல்லை சேர்."

டெப்பில் இரண்டு தட்டு. முடிந்தது. ஒன்று முதல் ஐந்து வரையான அளவுகோலில் மச்சாள் இலஞ்சத்தை முற்றாக நிராகரிப்பவளாகவும், அனுபவக் கணக்கில் ஒரு சதமும் கொடுக்காதவளாகவும் பதிவாகியிருப்பாள். அந்தச் 'சேர்' மட்டும் உங்கள் டெப்பில் ஏறியிருக்காது.

நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவன். தராசுத் தட்டில் ஒருவர் கையை வைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த நிறையை எந்த மாணவன் எழுதிக் காட்டினாலும் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். உங்களிடம் கேட்பது இதுதான்: கேட்பதென்றால் எங்களைத் தனியே கேளுங்கள், எங்கள் மொழியில் கேளுங்கள்.

உங்களுக்குச் சட்டம் தெரியாமல் இருக்காது. 1954 இன் பழைய இலஞ்சச் சட்டத்தின்படி வாங்குபவரோடு கொடுப்பவரும் குற்றவாளியாகத்தான் இருந்தார். அதன் இடத்துக்கு வந்த 2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படியும் அப்படித்தான். (இலஞ்ச ஆணைக்குழுவின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமும் 1954. பழைய சட்டத்தை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள், சந்தோசம்.) ஆக, நீங்கள் மச்சாளிடம் கேட்டது அபிப்பிராயம் மட்டுமில்லை. ஓர் அரச உத்தியோகத்தர் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லியும் கேட்டிருக்கிறீர்கள்.

'சந்தோசம்' என்றதும் இன்னொன்று. இங்கே யாரும் 'இலஞ்சம் கொடுத்தேன்' என்று சொல்லமாட்டார்கள். சந்தோசம் கொடுப்பார்கள். தேத்தண்ணிக் காசு கொடுப்பார்கள். ஆளைக் 'கவனிப்பார்கள்'. சிங்களத்திலும் சந்தோசம் என்றே சொல்வார்கள், அந்தப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லியிருப்பார். இலஞ்சம் என்றால் கோடிக்கணக்கில் அமைச்சர்மார் வாங்குவது என்றுதான் ஒழுங்கைச் சனம் நினைக்கிறது. 'கையெழுத்து எடுக்கப் போன இடத்தில் காசோ பொருளோ கொடுக்க வேண்டி வந்ததா? கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?' என்று கேட்டிருந்தால் மச்சாள் உங்களைப் பின்னேரம் வரை இருத்திக் கதை சொல்லியிருப்பாள்.

அந்த இரண்டாவது கேள்வி உங்கள் பட்டியலில் இருந்ததாகத் தெரியவில்லை. சரியா பிழையா என்று மட்டும் கேட்டால், 'என்ன செய்வது, கொடுத்தால்தானே நடக்கும்' என்று சொல்கிறவர்களை நீங்கள் 'ஊழலைச் சகித்துக்கொள்பவர்கள்' என்ற கூடைக்குள் போட்டுவிடுவீர்கள். ஏழு முறை பஸ் ஏறி இறங்கினால் தெரியும், அது சகிப்பா வேறொன்றா என்று.

வழி இல்லாமலும் இல்லை. வெட்கமான கேள்விகளை எப்படிக் கேட்பது என்று 1965 இலேயே ஸ்டான்லி வார்னர் என்பவர் ஒரு முறையைச் சொல்லியிருக்கிறார். பிற்பாடு அதை எளிதாக்கினார்கள். பதில் சொல்பவர் கையில் ஒரு நாணயத்தைக் கொடுங்கள். யாரும் பார்க்காமல் சுண்டட்டும். தலை விழுந்தால் என்னவானாலும் 'ஓம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு 'ஓம்' நாணயத்தின் ஓமா ஆளின் ஓமா என்று கேட்பவருக்கும் தெரியாது, படலையில் நிற்பவருக்கும் தெரியாது. நூறு பேரில் எழுபது பேர் ஓம் என்றால், ஏறத்தாழ ஐம்பது நாணயத்தினுடையது. மிச்ச ஐம்பது பேரில் இருபது பேர் கொடுத்திருக்கிறார்கள், அதாவது நூற்றுக்கு நாற்பது. நாற்பது பேரைக் கேட்டு இதைச் செய்ய முடியாது, நிறையப் பேரைக் கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஐந்து ரூபாக் குற்றி போதும். டெப்பை விட மலிவு.

கொழும்பில் வெளியாகிற புள்ளிகளையும் நான் பார்ப்பதுண்டு. ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நஷனல் என்ற அமைப்பு நாடுகளின் ஊழலுக்குப் போடும் 2024 ஆம் ஆண்டுக் குறியீட்டில் இலங்கைக்கு நூற்றுக்கு 32 (புள்ளி கூடினால் ஊழல் குறைவு). அது நிபுணர்களும் வர்த்தகர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் போடும் புள்ளி, மச்சாளை யாரும் கேட்டுப் போடுவதில்லை. அதனால்தான் வீடு வீடாக ஆய்வு வருகிறது என்றபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். கதிரை எடுத்துப் போட்டதும் நான்தான்.

1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. கிட்டத்தட்ட நாற்பது வருடம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் கலந்து வாழ்கிற மாவட்டத்துக்கு ஆளை அனுப்பும்போது தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமா? அலுவலகங்களில் சிங்களத்தில் படிவம், ஆசுபத்திரியில் சிங்களத்தில் பலகை, இப்போது இலஞ்சத்தைப் பற்றிய கேள்வியும் சிங்களத்தில். எங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டையில் தீனிக்கு வந்து நிற்கும் மான்கள் பரவாயில்லை. கொடுக்காவிட்டால் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடும், பைலை எடுத்து லாச்சிக்குள் பூட்டி வைக்காது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். திட்டுவதற்காக எழுதத் தொடங்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் எடுத்த பதில்களைத் தயவுசெய்து உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். முடிந்தால் திரும்ப வாருங்கள். தமிழ் பேசும் ஒருவர் வரட்டும், அவர் தனியே வரட்டும். வீடு காட்ட ஆள் வேண்டுமென்றால் சந்திக் கடையில் கேட்டால் சின்னப் பெடியன்களே கூட்டி வருவார்கள்.

நான்கு மணிக்குப் பிறகு வந்தால் நல்லது. மச்சாளுக்கு அப்போதுதான் கை ஓயும். தேத்தண்ணி தருவாள். வெறும் தேத்தண்ணிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்
திருகோணமலை