பொய் சொன்னது கொன்றை இல்லை

அண்ணா,

வருகிற ஆவணியில் அம்மாவுக்கு முதல் திதி. தேதியை ஏற்கெனவே போனில் அனுப்பிவிட்டேன். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கடைசி மாதத்தில் நடந்த சிலவற்றை இங்கே எழுதப்போவதில்லை. உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

குறுந்தொகையைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் பிளஸ் டூ படித்தபோது, கரண்ட் போன ஒரு ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து 66-ஆம் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாய். கார்காலத்தில் திரும்புகிறேன் என்று போனவன் வரவில்லை. கொன்றை சரம்சரமாகப் பூத்து நிற்கிறது. கலங்கும் தலைவியிடம் தோழி, ‘மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை’ என்கிறாள். இந்த மரத்துக்கு அறிவே இல்லையடி, காலம் தப்பிப் பெய்த ‘வம்ப மாரி’யைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது. தேதி இல்லை, கிழமை இல்லை, கெடு முடிந்ததை ஒரு மரம் பூத்ததை வைத்தே புலவன் சொல்லிவிட்டான் பார் என்று நீ சிலாகித்தாய். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், “மரத்தைத் திட்டிப் பயலைக் காப்பாத்துறாளே, கெட்டிக்காரிதான்” என்றாள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குச் சிரித்தாய்.

21-ஆம் பாட்டில் தோழியே தேவைப்படவில்லை. பொன்னகை அணிந்த பெண்களின் கூந்தல் மாதிரி கொன்றை பூத்துக் கிடக்கிறது. காடே கார் என்று சொன்னாலும் நம்பமாட்டேன், ‘அவர் பொய்வழங் கலரே’, அவர் பொய் சொல்பவர் இல்லை என்கிறாள் தலைவி. கண்ணெதிரே இத்தனை சாட்சி இருந்தும் ஒருவன் சொல்லுக்காக அத்தனையையும் தள்ளிவிடுகிறாள். அன்றைக்கு அது எனக்குக் காதலாகத் தெரிந்தது. இப்போது படித்தால் எரிச்சல் வருகிறது.

அம்மாவிடம் அந்தத் தோழி வேலையை நான்தானே பார்த்தேன்? பொங்கலுக்கு வருவான், லீவு கிடைக்கலையாம், டிக்கெட் விலை ஏறிப்போச்சாம், மழை முடியட்டும். நீ சொல்லச் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. அவள் தூங்க வேண்டுமே. உன்மேல் பழி வரக்கூடாது என்றும் நினைத்தேன், அதையும் மறுக்கவில்லை.

‘காரும் மாலையும் முல்லை’ என்று, பிரிந்தவனுக்காகக் காத்திருக்கும் முல்லைத் திணைக்குக் கார்காலத்தையும் மாலை நேரத்தையும் தொல்காப்பியம் பிரித்துக் கொடுக்கிறது. குறுந்தொகை 234 அதைக் கலைத்துப்போடும். வானம் சிவந்து முல்லை மலரும் நேரம்தான் மாலை என்பவர்கள் மயங்கியவர்களாம். கோழி கூவும் விடியலும் மாலை, ‘பகலும் மாலை துணையி லோர்க்கே’. அம்மா பகல் பதினொரு மணிக்கு “விளக்கு வச்சாச்சா?” என்று கேட்பாள். வாசலில் வெயில் கொளுத்தும். மருந்து மயக்கம் என்றார் டாக்டர். இருக்கலாம். நான் ஏற்றி வைப்பேன். “தம்பி வர்ற நேரம்” என்பாள்.

உனக்கு அங்கே கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ அனுப்பிய பணத்தில்தான் வைத்தியம் நடந்தது, அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. இருமல் குறைந்ததா? அந்தக் குளிரில் தலையில் எதையாவது கட்டிக்கொண்டு வெளியே போ.

ஆனால் திதியன்று ‘அண்ணன் ஏன் வரலை’ என்று யாராவது கேட்டால் இந்தத் தடவை நான் காரணம் எதுவும் சொல்லமாட்டேன். உன் நம்பரைக் கொடுத்துவிடுவேன். பெரிய மாமாதான் முதலில் கூப்பிடுவார். எடு.