77-ஆம் நம்பர் ஜெர்சி

டாலஸ்,
டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் "என்ன, என்ன" என்று நீங்கள் கேட்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. காது மெஷினையும் போட மாட்டேன் என்கிறீர்களாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்களே, அன்றைக்கு நீங்கள் புலம்பியதை அம்மா அப்படியே சொன்னாள். "2023 ஃபைனலில் கடைசி ரெண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடிச்சவனையா?" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாமே. அப்பா, நீங்கள் டாலஸில் இருந்திருந்தால் இந்த வருஷம் முழுக்கப் பட்டினிதான் கிடந்திருப்பீர்கள்.

லூக்கா டான்சிச் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். ஸ்லோவேனியாக்காரன், 19 வயதில் இங்கே கூடைப்பந்து ஆட வந்தவன். ஓடுவதில் பெரிய வேகம் கிடையாது, உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் எதிரில் நிற்கிறவன் எந்தக் காலை ஊன்றுவான் என்பது வரை தெரிந்தவன் மாதிரி ஆடுவான். நீங்கள் பள்ளிக்கூடத்தில் பையன்களிடம், "காலால ஓடாதடா, கண்ணால ஓடு" என்று கத்துவீர்களே, அதை இவன் ஆட்டத்தில்தான் நான் பார்த்தேன். 2024-இல் டாலஸ் மாவரிக்ஸை இறுதிச் சுற்று வரை கொண்டுபோனான். அங்கே பாஸ்டனிடம் தோற்றார்கள். வயது 25தான். இன்னும் பத்து வருஷத்துக்கு இவன் நம்ம ஆள் என்று ஊரே நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 1, சனிக்கிழமை இரவு, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். மாப்பிள்ளை போனைப் பார்த்துவிட்டு, "யாரோ அந்த விளையாட்டு நிருபரின் ட்விட்டர் கணக்கைத் திருடிவிட்டார்கள் போல" என்றார். லூக்காவை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆண்டனி டேவிஸை வாங்கிவிட்டார்கள் என்று செய்தி. அவர் மட்டுமில்லை, பாதி அமெரிக்கா அதைத்தான் நினைத்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் உண்மை என்று உறைத்தது. டேவிஸ் நல்ல ஆட்டக்காரர், குறை சொல்ல முடியாது. ஆனால் லூக்காவைவிட ஆறு வயது மூத்தவர், அடிக்கடி காயம் படுகிறவர்.

இங்கே ஒரு ஆட்டக்காரனை விற்க அவனிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் தனி உரிமை எழுதி வாங்கியிருந்தால்தான் மறுக்கலாம், அது ஓரிருவருக்குத்தான் இருக்கும். ஐ.பி.எல்.லில் ஜடேஜாவின் சம்மதம் இல்லாமல் மாற்றியிருக்க முடியாது. லூக்காவுக்கோ, கூட ஆடுகிறவர்களுக்கோ, ஏன், கோச்சுக்கே கடைசி நேரம் வரை தெரியாதாம். டாலஸிலேயே இருந்திருந்தால் கோடையில் 34.5 கோடி டாலர் வரை ஒப்பந்தம் போட அவனுக்குத் தகுதி இருந்தது. இடம் மாறியதும் அந்தத் தகுதியும் போயிற்று.

மறுநாள் மதியம் அரங்கத்துக்குப் போனோம். வாசலில் டர்க் நொவிட்ஸ்கியின் சிலை இருக்கிறது. 21 வருஷம் இந்த ஒரே அணிக்கு ஆடிய ஜெர்மானியர். அந்தச் சிலையின் காலடியில் பூங்கொத்துகள், மெழுகுவர்த்திகள், லூக்காவின் 77-ஆம் நம்பர் ஜெர்சிகள். யாரோ ஒரு சவப்பெட்டியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நம்ம ஊர்க் கேத வீடு மாதிரி ஆளாளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொப்பி போட்ட தாத்தா ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் பழைய ஆட்டம் ஒன்றை விவரித்துக்கொண்டிருந்தார். செத்தவரின் நல்ல குணத்தைச் சொல்வார்களே, அதே குரல். எங்கள் எதிர் வீட்டுப் பையனும் வந்திருந்தான், பன்னிரண்டு வயது. நீல நிற 77 ஜெர்சியைக் கழற்றிச் சிலையடியில் வைக்கப் போனவன், கடைசி நிமிஷம் மனசு கேட்காமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

எனக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. சம்பளத்துக்கு ஆடுகிறவன் இடம் மாறினால் இத்தனை அழுகையா என்று. அப்புறம் என் கதையே நினைவுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நியூஜெர்சியில் இருந்த எங்கள் டீமை ஒரே ஒரு மெயிலில் இங்கே தூக்கிப் போட்டார்களே. பெரியவளுக்குப் பள்ளியில் பாதி வருஷம்தான் முடிந்திருந்தது. எனக்காக யாரும் பூ வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

லூக்காவை விற்ற நிர்வாகியின் பெயர் நிக்கோ ஹாரிசன். தடுப்பாட்டம்தான் கோப்பையை வாங்கித் தரும் என்று விளக்கம் சொன்னார். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம் பட்டு வெளியேறினார். அடுத்த மாதம் அணியின் இன்னொரு முக்கிய ஆட்டக்காரரான கைரி எர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அதற்குப் பிறகு யாராவது ஃப்ரீ த்ரோ போடும்போதுகூட, "நிக்கோவை வேலையை விட்டுத் தூக்கு" என்று அரங்கமே கத்தும். ஏப்ரல் 9 அன்று லூக்கா லேக்கர்ஸின் சட்டையில் டாலஸுக்கு ஆட வந்தான். இருக்கைதோறும் ஒரு டீ-சர்ட், அதில் ஸ்லோவேனிய மொழியில் "எல்லாவற்றுக்கும் நன்றி". அவனுடைய பழைய ஆட்டங்களைத் தொகுத்துப் பெரிய திரையில் போட்டார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்கத் துடைக்க வந்தது. பிறகு எழுந்துபோய் 45 புள்ளி எடுத்து இவர்களையே தோற்கடித்தான். சொந்த ஊர்க்காரர்கள் தோற்றுக்கொண்டே கை தட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். கடைசியில் வந்த அணிகளுக்குப் புது ஆட்டக்காரர்களை எடுப்பதில் முன்னுரிமை உண்டு. ஆனால் வேண்டுமென்றே தோற்கக் கூடாதே என்று அதைக் குலுக்கலில் விடுகிறார்கள். 1 முதல் 14 வரை எண் போட்ட பந்துகள், அதில் நான்கை எடுப்பார்கள். வரக்கூடிய 1001 எண் சேர்க்கைகளில் ஆயிரத்தை அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். மிக மோசமாக ஆடிய யூட்டாவுக்கு 140. டாலஸுக்கு 18. அந்தப் பதினெட்டில் ஒன்றுதான் வந்தது! டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக், 18 வயது, அந்த வருஷத்தின் தலைசிறந்த பையன், இவர்களுக்குக் கிடைத்தான். லூக்காவைக் கொடுத்ததற்குக் கைமாறு என்று நாடு முழுக்கக் கிசுகிசுத்தார்கள். கணக்குத் தணிக்கையாளர்களை வைத்துக்கொண்டுதான் பந்தை எடுக்கிறார்கள் என்று எவ்வளவு சொன்னாலும் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் நம்பவில்லை. எனக்கு அது வெறும் அதிர்ஷ்டம்தான் என்று படுகிறது. அத்தனை நேர்த்தியாகச் சதி செய்கிற மூளை இருந்தால் லூக்காவை விற்றிருக்கவே மாட்டார்களே. நவம்பர் 11 அன்று நிக்கோவையும் அனுப்பிவிட்டார்கள். அப்போது அணி ஆடிய பதினோரு ஆட்டத்தில் ஜெயித்தது மூன்று.

சரி, இது ஒன்றோடு முடிந்ததா? ஃபுட்பால் என்று இவர்கள் சொல்வது கையால் ஆடுவது, தெரியுமல்லவா. அதில் டாலஸ் கௌபாய்ஸ் அணிக்கு மைக்கா பார்சன்ஸ் என்று ஒரு தடுப்பாட்டச் சூறாவளி. சம்பளப் பேச்சு இழுபறியாகி, ஆட்டங்கள் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கிரீன் பே அணிக்குக் கொடுத்துவிட்டார் முதலாளி ஜெரி ஜோன்ஸ். ஒரே வருஷத்தில் ஒரே ஊரில் இரண்டாவது! செப்டம்பர் 28 அன்று அவன் கிரீன் பே சட்டையில் இங்கே வந்தான். அந்த ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? 40-40, சமன். இந்த விளையாட்டில் சமன் என்பது அத்திப் பூ. பாவம், இந்த மாதம் அவனுக்கும் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது.

இன்னொன்று உங்களிடம் கேட்க வேண்டும். ஒரு கெஜம்தான் முன்னேற வேண்டும் என்றால் ஃபிலடெல்ஃபியா அணிக்காரர்கள் பந்து வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து இரண்டு மூன்று பேராக முட்டித் தள்ளுவார்கள், சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளுவது மாதிரி. இதைத் தடை செய்ய மே மாதம் ஓட்டெடுத்தார்கள். 32 அணிகளில் 24 வேண்டும், கிடைத்தது 22. எனக்கு அது திறமையாகத்தான் தெரிகிறது, மாப்பிள்ளைக்கு அழுகுணி ஆட்டம். பி.டி. மாஸ்டர் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பேஸ்பாலில் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பதினெட்டு வரை போயிற்று. மாப்பிள்ளை சிவராத்திரி மாதிரி விழித்திருந்தார். காலையில் ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியதை நான் பார்த்தேன்.

ஆனால் அந்த விளையாட்டில் இப்போது பேச்செல்லாம் சூதாட்டம்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டதிலிருந்து பல மாநிலங்களில் போனிலேயே பந்தயம் கட்டலாம். டெக்சஸில் இன்னும் அனுமதி இல்லை. யார் ஜெயிப்பார் என்று மட்டுமில்லை, அடுத்த பந்து என்ன வேகத்தில் வரும் என்றுகூடக் கட்டலாம். கிளீவ்லாந்தின் இரண்டு பந்து வீச்சாளர்கள், சொல்லிவைத்த மாதிரி சில பந்துகளைத் தப்பாக வீசினார்கள் என்று நவம்பரில் வழக்கு. இருவரும் மறுக்கிறார்கள், தீர்ப்பு வரட்டும். இப்போது ஒரு பந்துக்கு 200 டாலருக்கு மேல் கட்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். திருடன் வந்துபோன பிறகு பூட்டைச் சின்னதாக்கிப் பெரிதாக்கி என்ன செய்ய? நம்ம சென்னை அணியை 2016, 17 இரண்டு வருஷம் வெளியே உட்கார வைத்தபோது நீங்கள் டி.வி.யையே போடவில்லை. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. லூக்காவை விற்றபோது வந்தது கோபம், இது வயிற்றைப் பிசைகிறது. ஆளை விற்றாலும் ஆட்டமாவது மிஞ்சும் அல்லவா.

நேற்று எதிர் வீட்டுப் பையன் வாசலில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். மேலே ஃபிளாக்கின் 32-ஆம் நம்பர் ஜெர்சி. கழுத்துப் பக்கம் அடியில் பழைய நீலம் எட்டிப் பார்த்தது. "77-ஆ?" என்று கேட்டேன். "குளிருக்கு" என்றான்.

மே மாதம் இந்த முறை கட்டாயம் வருகிறோம். பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் சமயமாகப் பார்த்துத்தான் டிக்கெட் போடப் போகிறேன். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்துப் பார்க்க வைத்தீர்களே, அதே பக்கம் இடம் பிடித்து வையுங்கள். அம்மாவை நாரத்தங்காய் ஊறுகாய் இப்போதே போடச் சொல்லுங்கள், ஊற வேண்டும். காது மெஷினையும் போட்டுப் பழகுங்கள். விசில் சத்தம் கேட்காமல் என்ன மேட்ச் பார்ப்பது?

உங்கள் அன்பு மகள்