குடிமக்களின் வெளிநாட்டுத் துணைவர்களுடைய பிள்ளைகள்: ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள நீதித்துறைக் குழுக்களின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் வழக்கறிஞன் அல்லன். தெரிந்தவர்களின் குடிவரவு மனுக்களைப் பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுக்கும் ஓர் அமெரிக்கத் தமிழன் மட்டுமே.

வெளிநாட்டு உறவினரை இங்கு வரவழைக்க மனுச் செய்யும் ஐ-130 படிவத்தில், பயனாளியின் (வரவழைக்கப்படுபவரின்) பிள்ளைகளுடைய பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கும் பகுதி ஒன்று உண்டு. மறுமணம் செய்துகொண்ட என் நண்பர், மனைவியின் முதல் மணத்துப் பிள்ளைகள் இருவரின் பெயர்களையும் கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக அங்கே நிரப்பினார். அதோடு பிள்ளைகளும் மனுவில் சேர்ந்துவிட்டார்கள் என்றே நம்பினார். மாதங்கள் கழித்து விசாக் கட்டணம் கட்டச் சொல்லி வந்த அறிவிப்பில் மனைவியின் பெயர் மட்டுமே இருந்தது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்கு மனுச் செய்தால், 21 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகள் அதே மனுவில் தாயுடன் வரலாம். குடிமகன் மனுச் செய்தால் மனைவி 'உடனடி உறவினர்' ஆகிவிடுகிறார். அந்தப் பிரிவில் அவரைச் சார்ந்து எவரும் வர இயலாது. பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனி மனு வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்போதே கணவர் குடியுரிமை பெற்றுவிட்டால், அதுவரை தாயுடன் சேர்ந்திருந்த பிள்ளைகளும் வெளியே தள்ளப்படுகிறார்கள். குடிமகன் இறந்து, அவருடைய கைம்பெண் தனக்காக மனுச் செய்தாலோ பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது இதே சட்டம். கணவர் உயிரோடு இருப்பதுதான் பிள்ளைகளுக்குத் தடை என்றாவதை இச்சட்டத்தை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே கருதுகிறேன்.

2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டணப்படி ஒவ்வொரு தனி மனுவுக்கும் தாளில் 675 டாலர், இணையவழியில் 625 டாலர். பணத்தைப் புரட்டிவிடலாம், வயதைத்தான் புரட்ட முடியாது. குடிமகனின் பிள்ளை என்ற நிலையில் மனுச் செய்யப்பட்டவரின் வயது, மனுச் செய்த நாளிலேயே நிறுத்திக் கணக்கிடப்படும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கள் அளித்த பாதுகாப்பு, பிள்ளையின் பெயரில் மனு இருந்தால்தானே பயன்படும்?

இதைவிடக் கடுமையானது 18 வயது வரம்பு. தாயின் திருமணத்தன்று பிள்ளைக்கு 18 முடிந்திருந்தால், புதிய கணவருக்கு அப்பிள்ளை சட்டப்படி பிள்ளையே ஆகாது. ஆவணியில் நடக்கவிருந்த நண்பரின் திருமணம், மூத்த மகளின் கல்லூரிச் சேர்க்கை முடியட்டும் என்று தைக்குத் தள்ளிப்போயிற்று. அவளுக்குப் புரட்டாசியில் 18 முடிந்துவிட்டது. அவளுக்காக ஒத்திவைத்த திருமணமே அவள் வழியை அடைத்தது. தம்பிக்கு 12 வயது. அவனுக்குத் தனி மனுப் போட்டாயிற்று. அவளோ, தாய் முதலில் இங்கு வந்து கிரீன் கார்டு பெற்று, தானே மனுச் செய்து, ஆண்டு வரம்புக்கு உட்பட்ட வரிசையில் இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன்பே, குடிமகனை மணக்கவிருப்பவருக்கான கே-1 விசாவில் தாய் வந்திருந்தால், 21 வயது வரை அவளும் கே-2 விசாவில் உடன் வந்திருக்கலாம்.

தனி மனுவின்றிப் பிள்ளைகள் வர 2000ஆம் ஆண்டில் நீங்கள் ஏற்படுத்திய கே-4 விசா இன்று பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருக்கிறது. மனைவிக்கான ஐ-130 மனு முந்திக்கொண்டு ஏற்கப்பட்டாலே, அம்மனு நிலுவையில் இருக்கும்போதே மனைவி வருவதற்கான கே-3 விசா வழி 2010 முதல் மூடப்பட்டுவிடுகிறது. அதைச் சார்ந்த கே-4 வழியும் அதனோடு போகிறது.

ஆகவே, குடிமக்களின் துணைவருக்கான மனுவிலேயே அவருடைய 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் சேர்த்து, அம்மனு பெறப்பட்ட நாளிலேயே அவர்களின் வயதையும் நிறுத்தும்படி சட்டத்தைத் திருத்த வேண்டுகிறேன். அப்படிச் செய்தால் 18 வயது வரம்பும் இவர்களுக்குத் தேவைப்படாது. திருத்தம் வரும்வரை, 'இங்கே பெயர் எழுதுவதால் பிள்ளை மனுவில் சேர்வதில்லை' என்ற ஒரு வரியையாவது படிவத்தின் அந்தப் பகுதியிலேயே தடித்த எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
அமெரிக்கக் குடிமகன் ஒருவன்