முக்திநாத் யாத்திரை: கையில் இருக்க வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போகிறோம், அதனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆதார் போதாது. போன முறை ஒரு அம்மா ஆதாரை மட்டும் நீட்ட, கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். மகன் வீட்டுக்கு ஓடி வாக்காளர் அட்டையைக் கொண்டுவரும்வரை அவர் அழுதபடி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்றே பீரோவைத் திறந்து பாருங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா, இனிஷியல் எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்குப் படம் அனுப்புங்கள்.

அப்புறம் பணம். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். இது நிலையான விகிதம். கடையில் விலை கேட்டதும் 'நேபாள ரூபாயா, இந்திய ரூபாயா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 100 ரூபாய் நோட்டுகளாகவே கொண்டுவாருங்கள். மலையேறும் முன் பொக்காரா நகரிலேயே மாற்றிக்கொள்வோம். மிஞ்சும் நேபாளப் பணத்தை அங்கேயே மாற்றிவிடுங்கள், இங்கே வந்து மாற்றுவது சிரமம்.

கோயில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.