ஜனவரி 7-க்குப் பிறகு: கோமதிக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதி,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்தபோது நான் கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே போய் எழுதலாம் என்று நினைத்தது, ஊர் திரும்பிய பிறகுதான் கைகூடியது. பேத்தி நன்றாக வளர்ந்துவிட்டாள். மருமகனுக்கு ஆடைத் தொழிற்சாலையில் ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஸ்டெல்லா மிஸ்ஸைப் பற்றிய செய்தி உனக்கும் வந்திருக்கும். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். இது முழுவதும் நீ எழுப்பிய கேள்விக்கான பதில்.

ஆப்கானிஸ்தானில் பெண் குழந்தைகளின் பள்ளிகளைப் பூட்டியவர்களிடம் பேசிப் பயனில்லை, இன்னொரு முறை படை போய்த்தான் அந்தப் பூட்டை உடைக்க வேண்டும், 1971-ல் வங்கதேசத்தில் நாம் அதைச் செய்து காட்டவில்லையா என்று கேட்டிருந்தாய். படிக்கும்போதே நீ மேசையைத் தட்டும் ஓசை என் காதில் விழுந்தது. விடுதிச் சாப்பாட்டறையில் நீ இப்படிப் பேசத் தொடங்கியதும் பிச்சம்மாள் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாய் பிளந்து நிற்பாரே, அன்றைக்கெல்லாம் நமக்கு அடிப்பிடித்த சாம்பார்தானே! உன் வாசகர் வட்டத்திலும் இதையே பேசப் போவதாக எழுதியிருக்கிறாய். பேசு. ஆனால் அதற்குமுன் கம்போடியாவைப் பற்றி நான் சொல்வதைக் கேள். படை போகலாம் என்ற உன் கட்சிக்கு அதைவிட வலுவான சாட்சி உலகத்தில் கிடையாது. அந்தச் சாட்சியை முழுவதும் விசாரித்துவிட்டுத்தான் எனக்கு மனம் கலங்கிப்போயிருக்கிறது.

துவோல் ஸ்லெங்குக்கு மகள் என்னை அழைத்துப் போனாள். அது ஒரு உயர்நிலைப் பள்ளி, கோமதி. நாம் இருவரும் வேலை பார்த்தோமே, அதே மாதிரியான மூன்றடுக்குக் கட்டடங்கள், நீண்ட தாழ்வாரங்கள், நடுவே விளையாட்டு மைதானம். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தலைவர் போல் போட்டின் ஆட்சியில் அதை எஸ்-21 என்ற சிறையாக மாற்றினார்கள். வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்து, ஓர் ஆள் படுக்கவும் போதாத அறைகளாக்கியிருக்கிறார்கள். மாணவர்கள் உடற்பயிற்சி செய்த கம்பத்தில் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 14,000-க்கும் மேற்பட்டோர் அதற்குள் போனார்கள். உயிரோடு வெளியே வந்தவர்கள் மிகச் சிலரே. வாழ்நாளெல்லாம் கரும்பலகை முன் நின்றவளுக்கு அந்த அறைகளில் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முற்றத்தில் வெள்ளையடித்த 14 கல்லறைகள் இருக்கின்றன. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நகருக்குள் நுழைந்தபோது கட்டில்களோடு பிணைத்துக் கொல்லப்பட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். படை இன்னும் சில நாட்கள் முன்னால் வந்திருந்தால் அந்தப் பதினான்கு பேரும் பிழைத்திருப்பார்களே என்றுதான் நான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

ஆகவே படை எதையும் சாதிக்காது என்று வாதிட நான் எழுதவில்லை. 1975 ஏப்ரல் 17-ல் தொடங்கி மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள் என்று அங்குள்ளவர்கள் விரல்விட்டுச் சொல்லும் அந்தக் காலத்தில், ஏறக்குறைய 80 லட்சம் பேர் இருந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தார்கள். அதை நிறுத்தியது ஐக்கிய நாடுகள் சபையும் அல்ல, எந்தக் கண்டனத் தீர்மானமும் அல்ல. எல்லையைத் தாண்டி வந்த ஓர் அயல்நாட்டுப் படைதான் நிறுத்தியது. அதற்கு உலகம் தந்த பரிசு என்ன தெரியுமா? அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை, விரட்டப்பட்ட போல் போட்டின் ஆட்சிக்கே கம்போடியாவின் இருக்கையைத் தொடர்ந்து கொடுத்தது. அமெரிக்காவும் சீனாவும் அதை ஆதரித்தன. 1980-ல் நம் நாடு புதிய அரசை அங்கீகரித்தபோது நம்மோடு நின்றவர்கள் மிகக் குறைவு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

ஆனால் கொலை நின்றது வேறு, விடுதலை வந்தது வேறு என்பதை அந்த நாட்டிலேயே ஒருவர் எனக்குப் புரியவைத்தார். மகள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. ஒருநாள் மாலை மகள் மொழிபெயர்க்க நான் அவரிடம் ஜனவரி 7 பற்றிக் கேட்டேன். அந்தப் படை வராமல் இருந்திருந்தால் தான் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். 1980-களில் புதிய அரசு தாய்லாந்து எல்லை நெடுகக் காடழித்துக் கண்ணிவெடி புதைத்து அரண் எழுப்பும் வேலைக்கு ஆட்களைக் கட்டாயமாகக் கொண்டுபோயிற்று. போல் போட் காலத்தில் தப்பிய அண்ணன் அங்கே போய் மலேரியாவோடு திரும்பி வந்து இறந்துபோனாராம். இரண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொன்னார். எதை எதனால் கழிப்பது என்று கணக்குப் போட அவர் முயலவில்லை. எனக்கும் அந்தத் துணிவு வரவில்லை.

வியட்நாம் ஏன் போனது என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. கெமர் ரூஜ் படைகள் எல்லை தாண்டி வந்து கிராமம் கிராமமாகக் கொன்றன. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். தன் எல்லையைக் காக்கப் போன நாடு, தன் எல்லைக்கு உகந்த அரசைத்தான் அங்கே அமர்த்தும். அப்படி அமர்த்தப்பட்டவர்களில் பென் சொவான் என்பவரின் கதையை உன் பேச்சில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். வியட்நாமின் துணையோடு கெமர் ரூஜை எதிர்த்து நின்று, 1981-ல் பிரதமரானவர். கம்போடியாவின் முடிவுகளைக் கம்போடியர்களே எடுக்க வேண்டும் என்று கொஞ்சம் நிமிர்ந்து பேசத் தொடங்கினார். சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு டிசம்பரில், அவரைப் பிடித்து ஹனோய்க்குக் கொண்டுபோய்ப் பத்தாண்டு அடைத்து வைத்தார்கள். ஒரு நாட்டின் பிரதமரை, அந்த நாட்டை விடுவித்ததாகச் சொல்லிக்கொண்ட படை தூக்கிப் போகிறது. நாட்டுக்குள் ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. மேலே வர விரும்பியவன் மக்களைப் பார்க்க வேண்டியதில்லை, படையை அனுப்பியவர்களைப் பார்த்தால் போதும் என்ற பாடத்தை அன்று அங்கிருந்த ஒவ்வோர் இளம் அரசியல்வாதியும் படித்திருப்பான். 1985-ல் 32 வயதில் பிரதமரான ஹுன் சென் அதை எல்லோரையும்விட நன்றாகப் படித்தவர்.

வியட்நாம் படை 1989 செப்டம்பரில் வெளியேறியது. 1991-ல் பாரிஸ் உடன்படிக்கை, பின்னர் ஐ.நா. 20,000-க்கும் மேற்பட்ட படையினர், காவலர், அலுவலர்களை அனுப்பி 1993 மே மாதம் தேர்தல் நடத்தியது. இந்த இடத்தில் என் மனம் நெகிழ்ந்துபோகிறது, கோமதி. வாக்களிக்க வருபவர்களைக் கொல்வோம் என்று காட்டுக்குள்ளிருந்து கெமர் ரூஜ் மிரட்டிக்கொண்டிருந்தபோது, பதிவு செய்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். ஹுன் சென் கட்சிக்கு 51 இடம், இளவரசர் ரணரித்தின் ஃபன்சின்பெக் கட்சிக்கு 58 இடம் என்று தீர்ப்பளித்தார்கள். தோற்றவர் பதவியை விட மறுத்தார். படையும் காவல்துறையும் மாகாண நிர்வாகமும் அவர் கையில் இருந்தன. அவற்றைக் கட்டிக் கொடுத்ததே அந்தப் பத்தாண்டு ஆக்கிரமிப்புத்தான். கிழக்கு மாகாணங்கள் பிரிந்துபோகும் என்று மிரட்டல் வந்ததும், முதல் பிரதமர், இரண்டாம் பிரதமர் என்று நாற்காலியை இரண்டாக்கி ஒப்பந்தம் போட்டார்கள், ஐ.நா.வும் அதை ஏற்றுக்கொண்டு விடைபெற்றது. 1997 ஜூலையில் முதல் பிரதமர் ரணரித்தைத் துப்பாக்கி முனையில் இரண்டாம் பிரதமர் ஹுன் சென் அகற்றினார். 2017-ல் முக்கிய எதிர்க்கட்சியை நீதிமன்றம் கலைத்தது. மறு ஆண்டுத் தேர்தலில் 125 இடங்களையும் ஆளுங்கட்சியே வென்றது. 2023-ல் ஹுன் சென் தன் மகனுக்குப் பிரதமர் பதவியை ஒப்படைத்தார். அந்த அம்மா 1993-ல் பொழுது விடியுமுன் போய் வரிசையில் நின்றதை மலர்ந்த முகத்தோடு சொன்னார். இப்போதைய தேர்தலைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். மகளும் மேற்கொண்டு கேட்க வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினாள்.

இனி உன் 1971-க்கு வருகிறேன். நாம் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் 5 காசு அகதி நிவாரண அஞ்சல்தலையைச் சேர்த்து ஒட்டியதும், டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைந்த செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு விடுதியே கூத்தாடியதும் எனக்கு மறக்கவில்லை. அந்தப் பெருமையை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதில் நம் படை செய்தது எவ்வளவு, வங்காளிகள் முன்பே செய்து வைத்திருந்தது எவ்வளவு என்று பார். படை போவதற்கு ஓராண்டு முன்பே, 1970 டிசம்பர் தேர்தலில், கிழக்குப் பாகிஸ்தானுக்குரிய 169 இடங்களில் 167-ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி வென்றிருந்தது. வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி வாகினி மாதக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தது. யார் ஆள வேண்டும் என்று டெல்லி தேடவேண்டிய தேவையே எழவில்லை. மக்கள் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த முஜிபுர் ரகுமான் பாகிஸ்தான் சிறையிலிருந்து ஜனவரியில் திரும்பினார், படையைத் திரும்பப் பெறும்படி இந்திரா காந்தியிடம் கேட்டார், 1972 மார்ச் 12 அன்று டாக்காவில் விடைபெறும் அணிவகுப்பு நடந்தது. போ என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தார், சொன்னதும் படை போயிற்று. கம்போடியாவில் அப்படிச் சொல்லத் துணிந்தவர் ஹனோய்ச் சிறையில் கிடந்தார்.

இவ்வளவு நல்லபடி அமைந்தும் அந்த விடுதலை தானாக நிலைத்ததா? 1975 ஜனவரியில் முஜிபே ஒற்றைக் கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார். ஆகஸ்டில் அவரைக் குடும்பத்தோடு கொன்றார்கள். பிறகு பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் சீருடைக்காரர்களின் ஆட்சி. 1990 டிசம்பரில் படைத்தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த எர்ஷாத்தை இறக்கியது டாக்கா மாணவர்களும் கட்சிகளும் தெருவில் நடத்திய போராட்டம். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனாவை நாட்டைவிட்டே ஓடச் செய்தவர்களும் அந்த ஊர் மாணவர்கள்தான். நம் படை அவர்களுக்கு ஒருமுறை வழியை அடைத்திருந்த கொடிய படையை அகற்றிக் கொடுத்தது. அதற்குமேல் ஒவ்வொரு முறையும் அவர்களே இரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

இப்போது காபூல். 2001-ல் அமெரிக்கப் படை போய்த் தாலிபானை விரட்டிய பிறகு லட்சக்கணக்கான பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். அந்த இருபது ஆண்டுகளை வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படித்தவளின் படிப்பை எந்தத் தாலிபானாலும் திரும்ப வாங்க முடியாது. ஆனால் மேலே இருந்த அரசைப் பார். 2014-ல் இரண்டு வேட்பாளர்களும் வென்றதாகச் சொல்லிக்கொண்டபோது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி பறந்து வந்து, ஒருவர் அதிபர், மற்றவர் தலைமை நிர்வாகி என்று பங்கு பிரித்துக் கொடுத்தார். வரிசையில் நின்று வாக்களித்தவர்களுக்கு அதில் என்ன இடம்? 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்கா தாலிபானோடு படை விலகல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது காபூல் அரசு அந்த மேசையில் இல்லவே இல்லை. தன் நாட்டின் தலைவிதியைத் தனக்கு வெளியே பேசி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்த சிப்பாய், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யாருக்காகச் சாக வேண்டும்? ஆகஸ்ட் 6-ல் முதல் மாகாணத் தலைநகர் விழுந்தது, 15-ல் காபூலே விழுந்தது. பாதிப்பு முழுவதும் அந்தச் சிறுமிகள் தலையில்.

நீ மறுபடி படை அனுப்பச் சொல்கிறாய். அனுப்பினால் பூட்டு உடையும், ஐயமே இல்லை. மறுநாள் காலை பள்ளியைத் திறப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார் என்பதுதான் என் கேள்வி. தாலிபானின் முதல் ஆட்சியின்போது ஹெராத்தில் பெண்கள் பொன்னூசித் தையற்பள்ளி என்ற பெயரில் கூடி, துணிக்கடியில் புத்தகத்தை மறைத்துக்கொண்டு இலக்கியம் படித்தார்கள். அப்போது எந்த அயல் படையும் அங்கே வந்திருக்கவில்லை. 2021-லும் துப்பாக்கிகளுக்கு முன்னால் காபூல் தெருவில் முழக்கமிட்டு நடந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்களே. நாம் கைகட்டி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குள் நடத்தும் வகுப்புக்குப் பணமும் பாடமும் போய்ச் சேர வேண்டும், வெளியே வந்தவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்கள் விசாவும் இடமும் கொடுக்க வேண்டும், பள்ளி திறக்கும்வரை அந்த ஆட்சிக்கு எவரும் மரியாதை செய்யக் கூடாது. இது மிக மெதுவான வழி. இன்றைக்குப் பன்னிரண்டு வயதாகும் சிறுமிக்கு இது போதாது என்பதும் எனக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் உன் கோபத்துக்கு என்னிடம் முழுமையான பதில் கிடையாது. ஆனால் கூட்டங்கூட்டமாகக் கொலை நடக்கும்போது அதை நிறுத்தப் படை போவதை நான் எதிர்க்க மாட்டேன். விடுதலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று சொல்லிப் போகும் படையை இனி என்னால் நம்ப முடியவில்லை.

உன் பேச்சை எழுதி முடித்ததும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது எனக்கு அனுப்பு. 1971-ஐ நீ எப்படியும் நெஞ்சை உருக்கும்படி சொல்லிவிடுவாய். 1972 மார்ச்சையும் 1993 மே மாதத்தையும் அதே அளவுக்குச் சொல்கிறாயா என்று பார்க்க வேண்டும். எனக்கு உடன்பாடில்லாத இடங்களை ஓரத்தில் குறித்து உடனே திருப்பி அனுப்புகிறேன். அண்ணாச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
ருக்மணி