லைட் எரியுது, கேம் ஓடலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குரூப்களில் ஓர் ஆடியோ சுற்றுவது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இந்த மடலே சொல்லிக்கொடுத்துவிடும், பரவாயில்லை. "சிம்மக்கல் சந்துக்கடையில வாங்குன பிஎஸ்4 கண்ட்ரோலர் டூப்ளிகேட்டு, லேப்டாப்ல சொருகுனா லைட்டு மட்டுந்தான் எரியுது, ஏமாந்துராதீங்க" என்று ஒரு தம்பி பேசியிருக்கிறார். (பிஎஸ்4 என்றால் சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின், கண்ட்ரோலர் என்றால் கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவி.) யாரென்று எங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். அவரும் நம்ம கடைப் பிள்ளைதான்.

விலை கூட என்று சொல்லியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாலும், நடந்திருக்கும் என்று ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் டூப்ளிகேட் என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பெட்டியைப் பிரித்து, உங்கள் கண் முன்னால் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திக் காட்டித்தான் இங்கே பில் போடுகிறோம். அது உங்களுக்கே தெரியும்.

முதலில் அந்த லைட் விவகாரம். லைட் எரிந்தால் கரண்ட் போகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். கம்ப்யூட்டரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்று அர்த்தமில்லை. பிஎஸ்4 கண்ட்ரோலரில் இருப்பது மைக்ரோ யூஎஸ்பி, பழைய போன் சார்ஜர் பின். அதனால் வீட்டில் கிடக்கிற ஏதாவது ஒரு கேபிளை எடுத்துச் சொருகிவிடுகிறார்கள். பவர் பேங்கோடும் டார்ச் லைட்டோடும் வருகிற கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்தவை. அந்தத் தம்பி கொண்டுவந்த கேபிளை அவர் சம்மதத்தோடு மேஜையிலேயே வெட்டிக் காட்டினோம். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. டேட்டா போகிற பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்லை. கடையிலிருந்த நாலு ஒயர் கேபிளைப் போட்டதும் லேப்டாப் 'டிங்' என்றது. இந்தப் பகுதி ஆடியோவில் வரவில்லை.

சரி, கேபிள் மாற்றியும் கேமில் ஓடவில்லையே என்றால், அதற்குக் காரணம் வேறு. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற தன் கேம் மெஷின் வந்தபோது, கண்ட்ரோலரும் கேமும் பேசிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு விண்டோஸுக்கு வந்த கேம்களில் பெரும்பாலானவை அதை வைத்துத்தான் எழுதப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை மாட்டினால் எதையும் தொடாமலே ஓடும். சோனியின் கண்ட்ரோலர் அந்த முறையில் பேசாது. விண்டோஸ் அதைப் பார்க்கும், கண்ட்ரோல் பேனலில் பட்டன் அழுத்தினால் விளக்கு எரிந்து காட்டும். ஆனால் பல கேம்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேரடியாக ஏற்றுக்கொள்கிற கேம்களும் இப்போது வருகின்றன, எல்லாமே அப்படி இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எக்ஸ்பாக்ஸ் மாதிரியே பேசும்படி செய்த விலை குறைந்த கேம்பேட் சொருகியதுமே ஓடிவிடுகிறது. சோனியின் அசல் சரக்குதான் முரண்டு பிடிக்கிறது. அதைப் பார்த்து எங்களை டூப்ளிகேட் கடை என்றால் நான் என்ன சொல்ல?

வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் கேம் வாங்கி ஆடுகிற ஸ்டீம் என்ற மென்பொருளில் செட்டிங்ஸுக்குப் போய், கண்ட்ரோலர் பகுதியில் பிளேஸ்டேஷனுக்கான ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்தால் போதும். வேறு இடத்தில் வாங்கிய கேமையும் 'நான்-ஸ்டீம் கேம்' என்று ஸ்டீமில் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஓடும். ஸ்டீமே வேண்டாம் என்பவர்களுக்கு டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. அது சோனி கண்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலராகக் காட்டிவிடும். இரண்டில் ஒன்றுதான், இரண்டையும் ஆன் செய்யாதீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்த வடநாட்டுக்காரரிடம் இரண்டு கைடு ஒரே நேரத்தில் பேசிய கதையாகிவிடும். மெனுவில் ஒரு தடவை கீழே அழுத்தினால் இரண்டு வரி தாவும், ஒரு குத்துக்கு இரண்டு குத்து விழும். டிஎஸ்4விண்டோஸ் மட்டும் இருந்தும் இப்படி நடந்தால், அசல் கண்ட்ரோலரும் கேமின் கண்ணில் படுகிறது என்று பொருள். ஹிட்ஹைட் (HidHide) என்ற சின்ன மென்பொருளைப் போட்டு அதை மறைத்துவிடலாம். ஆடியோ தம்பியின் லேப்டாப்பில் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ யூடியூபில் சொன்னார்களாம்.

திரையில் எக்ஸ்பாக்ஸ் கணக்கில் 'ஏ' அழுத்து என்று வரும், கையில் இருப்பதோ பெருக்கல் குறி. அது பழுதில்லை, கீழே இருக்கிற பட்டனை அழுத்துங்கள். புளூடூத்துக்கு ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து, லைட் வேகமாக மினுக்கும்வரை பிடிக்க வேண்டும். பிஎஸ்5 கண்ட்ரோலரில் ஷேர் இருந்த இடத்தில் கிரியேட். அப்படி லேப்டாப்போடு சேர்த்த பிஎஸ்4 கண்ட்ரோலர் வீட்டு பிளேஸ்டேஷனை மறந்துவிடும், ஒருமுறை ஒயர் போட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளும். இதையும் "கெட்டுப்போச்சு" என்று எடுத்து வருகிறார்கள்.

2013இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலரில் புளூடூத்தே கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் லோகோ பட்டனைச் சுற்றிப் பாருங்கள். மேல் பட்டன்களோடு ஒட்டிய பளபளப்புப் பிளாஸ்டிக் என்றால் பழசு. முகப்பின் பிளாஸ்டிக்கே லோகோவைச் சுற்றியும் வந்தால் புளூடூத் உள்ளது. கேமில் ஆள் தானாக நடக்கிறான் என்றால் ஸ்டிக்கின் உள்ளே தேய்ந்திருக்கிறது. டெட்சோனை, அதாவது ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடுகிற அளவை, செட்டிங்ஸில் கூட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், நிரந்தர வைத்தியம் ஸ்டிக் மாற்றுவதுதான்.

இதையெல்லாம் பொறுமையாகச் செய்துகொடுத்த நம்ம கடைத் தம்பி, கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார், நல்லா இருக்கட்டும். அதனால் செட்டிங் வேலை இனி மாலை ஆறு மணிக்கு மேல்தான், நம்மிடம் வாங்கியதற்கு முதல் தடவை இலவசம், மற்றபடி 150 ரூபாய்.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறீர்கள். ஆன்லைனில் கொஞ்சம் குறைவு என்று தெரிந்தே, "அண்ணே, நீங்க பாத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறீர்கள். பிரவுசிங் சென்டராக இருந்தபோது மணிக்கணக்கில் கேம் ஆடிய பையன்கள், இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆடியோ வந்த அன்றைக்கே, கேட்காமலே குரூப்பில் எங்களுக்காகப் பேசிய அண்ணன் தம்பிகளுக்கும், "இந்தக் கடையில அப்படி நடக்காது" என்று ஒற்றை வரி போட்ட அந்த டீச்சரம்மாவுக்கும் கோடி நன்றி.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. கேபிள் உங்களுடையதே, எடுத்துவைத்திருக்கிறோம். லேப்டாப்போடு வாருங்கள், ஹிட்ஹைட் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். மற்றவர்கள் வரும்போது கண்ட்ரோலரோடு வீட்டில் போட்டுப் பார்த்த அதே கேபிளையும், ஸ்டீம் பாஸ்வேர்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். பாஸ்வேர்டு அண்ணனிடம் இருக்கிறது, அவர் திருப்பூரில் இருக்கிறார் என்று சொன்னால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
சிம்மக்கல், மதுரை